ரிஷபம் இழந்த ரிஷபவாகனர்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி நிற்கிறார். ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலை அதன் குறுக்கே இலேசாக மாற்றி வைத்து, சடைமுடியை அரவங்களோடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு கையை நீட்டி எதன்மீதோ சாய்ந்திருக்கும் அத்திருமேனியின் ஒயிலைச் சிற்ப ரசிகர்கள் வியந்து வியந்து பேசியிருக்கிறார்கள். ராஜராஜ சோழனின் ஆட்சியில், 1011-ஆம் ஆண்டில், இது எழுந்தருளுவிக்கப்பட்டது என்றும், மறு ஆண்டில் உமாபரமேசுவரியின் திருமேனி அதனுடன் சேர்க்கப்பட்டது என்றும் அவ்வூர்க் கோயில் கல்வெட்டுகளால் அறிகிறோம். தேவி இன்றும் அருகில் நிற்கிறாள். பெருமான் சாய்ந்திருந்த ரிஷபம் மட்டும் இல்லை. தனியே வார்க்கப்பட்டிருந்த அந்தக் காளை, எந்தக் காலத்திலோ எந்தக் கலவரத்திலோ பிரிந்து போய்விட்டது. கை மட்டும் முன்போலவே, தாங்குவதற்கு ஒன்றுமில்லாத வெளியில், ஒரு சிறிதும் தளராமல் தங்கியிருக்கிறது. காண்பவனுடைய மனம், யாரும் சொல்லாமலே, அங்கே ஒரு காளையைக் கற்பித்துக்கொள்கிறது.

இந்த மூர்த்தி இழந்தது ரிஷபத்தை மட்டுந்தானா என்ற கேள்வி, அந்த மண்டபத்தில் சற்று நேரம் நின்றவர்களுக்கு எழாமல் இராது. சங்கும் சேமக்கலமும், எண்ணெய் விளக்கின் புகையும், நைவேத்தியமும், மந்திரமும், தோளில் சுமந்து வீதிவலம் கொண்டு சென்ற சீர்பாதம் தாங்கிகளும் போய்விட்ட பிறகு, பீடத்தின் ஓரத்தில் ஓர் எண்ணும் சுவரில் ஒரு பெயர்ப்பலகையும் பெற்று நிற்கும் இத்திருமேனியில், பிரதிஷ்டையின்போது ஆவாகனம் செய்யப்பட்ட இறைவன் இன்னும் இருக்கிறானா? அல்லது அவன் நீங்கிவிட்ட வெறும் உலோகத்தைத்தான், அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக, நாம் சென்று பார்த்து வருகிறோமா? கலையன்பர்கள் இக்கேள்வியை அநாவசியம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆஸ்திகர்களில் பலர், பூஜை நின்றால் ஸாந்நித்யமும் நின்றது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு விடைகளும் எனக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் ஒரு பொருளை நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதை அதைச் சூழ்ந்திருக்கும் சுவர்களே பாதி தீர்மானிக்கின்றன. 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை அரசாங்க அருங்காட்சியகம், சில ஆண்டுகளுக்குள் எழும்பூரில் பாந்தியன் என்று வழங்கிய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. முந்தைய நூற்றாண்டில் ஆங்கிலேயக் கனவான்களும் சீமாட்டிகளும் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய இடம் அது. அதே வளாகத்தில், மைசூர் அரண்மனையையும் வகுத்தளித்த ஹென்றி இர்வின் திட்டமிட்டு, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடிக்க, 1909-இல் திறக்கப்பட்ட செந்நிற மணற்கல் மாளிகை ஒன்று நிற்கிறது. விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக எழுந்து, 1951 முதல் தேசியக் கலைக்கூடம் என்ற பெயரைத் தாங்கிய அம்மாளிகையின் முகப்பு, பதேபூர் சிக்ரியின் உயர்ந்த வாயிலை நினைவூட்டும் பெரிய வளைவும், பக்கங்களில் மெல்லிய மாடங்களும், வெட்டுக் கற்களின் நுண்ணிய பூவேலையுமாக விளங்குகிறது. அதன் அழகை நான் மனமாரப் போற்றுகிறேன். மாலை வெயில் அந்தக் கல்லின்மீது சாயும் நேரத்தில் அதற்கு ஈடான காட்சி சென்னை நகரத்தில் அதிகம் இல்லை.

ஆயினும் இதையும் கோயிலையும் மனத்தில் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் ஓர் ஆழ்ந்த வேறுபாடு புலனாகிறது. ராஜகோபுரத்தின் கீழ் நுழைகிறவன், வெயில் நிறைந்த பிரகாரத்திலிருந்து நிழல் நிறைந்த மண்டபத்துக்கும், அங்கிருந்து அர்த்த மண்டபத்தின் மங்கலான ஒளிக்கும், இறுதியில் ஒரேயொரு தீபம் மட்டும் எரியும் கர்ப்பக்கிருகத்தின் வாயிலுக்கும் செல்கிறான். வழி செல்லச் செல்லக் குறுகுகிறது, ஒளி செல்லச் செல்லக் குறைகிறது, எண்ணமும் அவ்வாறே பலவற்றிலிருந்து ஒன்றுக்கு ஒடுங்குகிறது. அருங்காட்சியகத்தின் மண்டபங்களிலோ ஒளி எங்கும் சமமாகப் பரவியிருக்கிறது. ஓர் அறை மற்றோர் அறைக்கு வழிவிடுகிறது. எந்த அறையும் மூலஸ்தானம் ஆவதில்லை. வாயில் பிரம்மாண்டமாக இருக்கிறது, வாயில் கொண்டு சேர்க்கும் கருவறை என்று ஒன்று இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒப்பிட்டு அறியவேண்டும் என்பதற்காக எழுப்பப்பட்ட கட்டடம், ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தவேண்டும் என்பதற்காக எழுப்பப்பட்ட கட்டடத்தைப் போல் இருக்க இயலாது. ஆனால் பின்னதற்காக வார்க்கப்பட்ட மூர்த்திகள் முன்னதில் வந்து நிற்கின்றன. நம்முடைய கேள்வி முழுவதும் அந்த இடமாற்றத்திலிருந்து பிறக்கிறது.

எழும்பூரின் உலோகச் சிற்பங்கள் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டவை என்பார்கள். அவற்றுள் திருவாலங்காட்டு நடராஜரும், வடக்குப்பனையூரிலிருந்து வந்த இராமனும் இலக்குவனும் சீதையும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் தனித்தனியே ஒரு நாள் முழுவதையும் கேட்கக்கூடியவர்கள். அர்த்தநாரியின் முன் நின்றவர்கள் அறிவார்கள்: வலப்புறம் இரண்டு கைகளும் இடப்புறம் ஒரு கையுமாக, வலப்புறத்து ஆடை தொடையளவிலும் இடப்புறத்து ஆடை கணுக்காலளவிலுமாக, தோளின் அகலமும் இடையின் நெளிவும் நடுக்கோட்டின் இருமருங்கிலும் வேறுபட்டிருக்க, அந்த நடுக்கோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாதபடி இரண்டு உடல்கள் ஒரே மூச்சில் நிற்கின்றன. பேதமும் அபேதமும் ஒருங்கே உண்மையாவது எவ்வாறு என்று நூல்கள் பல ஏடுகளில் வாதித்ததை, சோழநாட்டு ஸ்தபதி ஒருவர் தேன்மெழுகில் பிடித்து, வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிச் சாதித்துவிட்டார்.

இத்தகைய திருமேனிகளைக் கோயிலில் நாம் முழுமையாகக் காண்பது மிக அரிது. உற்சவ காலத்தில் பட்டும் பரிவட்டமும் மாலைகளும் ஆபரணங்களும் போர்த்தியபின் முகமும், அபய ஹஸ்தமும், திருவடியும் அன்றி வேறொன்றும் தெரிவதில்லை. பின்புறத்தைக் காண்பதோ அதனினும் அரிது. அப்படியிருந்தும் ஸ்தபதி முதுகின் பள்ளத்தையும், சடையின் பிரிகளையும், அரையாடை முடிச்சின் மடிப்பையும் முன்புறத்தின் அதே சிரத்தையோடு செய்து முடித்தார். திருமஞ்சனம் செய்விக்கும் அர்ச்சகர் ஒருவரே காணப்போகும் அழகுக்கு அவ்வளவு உழைப்பு! அருங்காட்சியகம் செய்த நன்மை இதில் இருக்கிறது. பட்டைக் களைந்து, சுற்றி வருவதற்கு இடம் விட்டு, அர்ச்சகர் மட்டும் கண்ட வடிவத்தை எல்லாருடைய கண்ணுக்கும் அது வழங்கியது. சாதியின் பெயரால் கோயில் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் மக்களும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, எந்தத் தடையுமின்றி அந்தத் திருமேனியின் முன் நிற்க முடிந்தது என்பதை, அருங்காட்சியகத்தைக் குறைகூறும் பக்தர்கள் மறந்துவிடலாகாது.

பாரதத்துக்கு ஒருபோதும் வராத பிரெஞ்சுச் சிற்பி ரோதென், சென்னை நடராஜத் திருவுருவத்தின் புகைப்படங்களை மட்டும் பார்த்து, அதன் அங்கங்களின் வளைவுகளிலும் ஒளிநிழலின் ஓட்டத்திலும் மனத்தைப் பறிகொடுத்துச் சிவதாண்டவத்தைப் பற்றி எழுதினார். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1921-இல், அது அச்சேறியது. சைவ சமயத்தின் தீக்ஷையோ ஆகமப் பயிற்சியோ இல்லாத ஒருவருக்கு, கடல்கடந்து சென்ற ஒரு நிழற்படத்தின் வாயிலாக அந்த வடிவம் இவ்வளவு பேசியிருக்கிறது என்றால், வடிவத்துக்கென்றே ஒரு சக்தி உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அச்சக்தியை வெளிப்படுத்தியது கோயில் அன்று, அருங்காட்சியகமே. நான் இதை மனப்பூர்வமாக ஏற்கிறேன்.

ஏற்றபின்னும் கேள்வி தீர்வதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைகளில் இன்றும் திருமேனியின் கண் கடைசியில்தான் திறக்கப்படுகிறது. மற்ற அங்கங்களெல்லாம் செப்பனிடப்பட்டு முடிந்த பிறகு, நல்ல நாழிகை பார்த்து, பொன்னூசியால் கருவிழி கீறும் நயனோன்மீலனம் நிகழ்கிறது. அதன்பின் கும்பநீராட்டும் ஆவாகனமும் ஆனபோதுதான் அது மூர்த்தி ஆகிறது. இந்தக் கிரமத்தின் உட்பொருள் யாது? நாம் அதைக் காண்பதற்காக அது செய்யப்படவில்லை, அது நம்மைக் காண்பதற்காகச் செய்யப்படுகிறது என்பதே. ஓவியக்கூடத்தில் தொங்கும் ரவிவர்மாவின் சித்திரத்துக்கு முன் நான் நிற்கும்போது காண்பவன் நான் ஒருவனே. தரிசனத்தில் காண்பவர் இருவர். அபய ஹஸ்தம் யாரை நோக்கி உயர்த்தப்பட்டதோ அவர் எதிரில் இல்லாமல் அந்த ஹஸ்தத்தின் அர்த்தம் பூர்த்தியாவதில்லை. சாய்ந்த கைக்கு ரிஷபம் எவ்வாறோ, உயர்ந்த கைக்கு அஞ்சுகிற ஓர் ஆத்மா அவ்வாறு.

ஆகையால், கடவுள் அங்கே இருக்கிறாரா என்று கேட்பவர்கள், கேள்வியின் பாதியை மட்டும் கேட்கிறார்கள். மறுபாதி, அவர் எதிரில் யார் இருக்கிறார் என்பது.

ஆகமங்கள் இவ்விஷயத்தில் நாம் நினைப்பதைவிட நுட்பமானவை. திருப்பணி தொடங்கும்போது, மூர்த்தியினுள் விளங்கும் கலைகளைக் கும்பத்துக்கு ஈர்த்து, பாலாலயத்தில் வைத்து வழிபட்டு, பணி முடிந்தபின் மீண்டும் மூர்த்திக்குச் சேர்ப்பிக்கும் விதி அவற்றில் உண்டு. எனவே ஸாந்நித்யம் வரவும் போகவும் கூடியது என்பது ஆகமத்துக்கு உடன்பாடே. அதே சமயத்தில், பகைவராலோ கள்வராலோ அபாயம் நேருங்கால் திருமேனிகளைப் பூமியில் மறைத்து வைக்கும் முறையையும் விமானார்ச்சன கல்பம் என்னும் வைகானச நூல் வகுத்துச் சொல்கிறது. ஆபத்து நீங்கும்வரை அங்கே சயனித்திருக்கும்படி பெருமானை வேண்டிக்கொண்டு மண்ணிடுவது என்றால், அது அடக்கம் செய்வது ஆகாது, ஒரு வாக்குறுதி. 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைவரை வந்தது. அக்காலத்திலும் அதற்குப் பின்வந்த குழப்பங்களிலும் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் இரவோடிரவாக இவ்வாறு மண்ணிட்டவர்கள், நாளையே திரும்பி வந்து எடுப்போம் என்றுதான் நம்பியிருப்பார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. எங்கே புதைத்தோம் என்பதை அறிந்தவர் இறந்ததும் திருமேனிகள் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள் காத்திருந்தன. ஏர்முனையோ, கிணறு வெட்டும் கடப்பாரையோ தட்டும்வரை காத்திருந்தன. வெளிப்பட்டதும், 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி கலெக்டர் கைக்குச் சென்று, அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை மிகப்பல.

இங்கே சற்று நின்று எண்ணவேண்டும். மண்ணுக்குள் ஆறு நூற்றாண்டுகள் ஒரு மலரும் ஒரு சொட்டு நீரும் இல்லாமல் கிடந்த திருமேனி வெளிப்பட்டவுடன் ஊரார் என்ன செய்கிறார்கள்? தாசில்தார் வந்து மகஜர் எழுதுவதற்கு முன்பே யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவி, யாரோ ஒருவர் விபூதியோ மஞ்சளோ இட்டு, யாரோ ஒருவர் கற்பூரம் ஏற்றிவிடுகிறார். மறுபிரதிஷ்டை ஆகவில்லையே, இப்போது இதில் தெய்வம் உண்டா என்று அவர்கள் வாதிப்பதில்லை. இது அறியாமை என்று சாஸ்திரம் வல்லார் கூறக்கூடும். எனக்கோ, புதைத்தவர் கொடுத்த வாக்குறுதியின் மறுமுனையை, அதை அறியாமலே, இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது.

வைஷ்ணவ ஆசாரியர்கள் அர்ச்சாவதாரத்தைப் பற்றிச் சொல்லும் தத்துவம் இந்த இடத்தில் பேரொளி வீசுகிறது. பரமபதத்தில் நித்தியசூரிகள் சூழ இருப்பவனும், அந்தர்யாமியாய் எங்கும் நிறைந்தவனுமாகிய பகவான், கோயிலில் அர்ச்சையாக வரும்போது தன் ஸ்வாதந்த்ரியத்தையெல்லாம் விட்டுவிட்டு அடியானுடைய கைக்கு வசப்பட்டவனாகி விடுகிறான் என்பது அவர்கள் கொள்கை. நீராட்டினால் நீராடுவான், அமுது செய்வித்தால் அமுது செய்வான், வைத்த இடத்தில் இருப்பான். விளக்கேற்ற மறந்தால் இருட்டில் இருப்பான். எளிமையின் எல்லை இது. சர்வேசுவரன் என்ற சொல்லுக்கு நேர் எதிரான நிலை. இத்தத்துவத்தைக் கற்பித்தவர்களில் முதன்மையானவராகிய பிள்ளை லோகாசாரியரே அதை வாழ்ந்தும் காட்ட நேர்ந்தது. 1323-இல் திருவரங்கத்தின்மீது படையெடுப்பு நிகழ்ந்தபோது, முதுமை நிறைந்த அப்பெரியவர், அழகிய மணவாளப் பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காட்டு வழியே தெற்கு நோக்கிச் சென்று, மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார். பெருமாள் ஊர் ஊராகத் திரிந்து, 1371-இல்தான் அரங்கத்துக்கு மீண்டார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தன் கோயிலும் தன் வீதியும் இல்லாமல், காடும் மலையும் அடியவர்களின் தோளுமே இடமாக இருந்த அப்பெருமாளிடமிருந்து ஸாந்நித்யம் நீங்கியிருந்தது என்று எந்த வைஷ்ணவராவது சொல்லத் துணிவாரா? மதில்களை இழந்தார், மடைப்பள்ளியை இழந்தார். உடன்செல்லத் துணிந்தவர்களை மட்டும் இழக்கவில்லை.

இத்தத்துவத்தின் வெளிச்சத்தில் கலைக்கூடத்து மூர்த்தியைக் காண்கிறவனுக்கு, அவர் பரதந்திர நிலையின் கடைசிப் படியில் நிற்பவராகத் தெரிகிறார். கோயிலிலாவது அர்ச்சகரும் ஸ்தானிகரும் பேணக் கடமைப்பட்டவர்கள். இங்கே, பூட்டும் காவலும் ரசாயனப் பாதுகாப்பும் உண்டு, பேணுவோர் இல்லை. வைத்த இடத்தில் இருக்கிறார். அவரை விட்டு நீங்கியது தெய்வம் என்பதைக் காட்டிலும், அவரை விட்டு நீங்கியவர்கள் நாம் என்பதே பொருந்துமென்று நினைக்கிறேன்.

சைவ சித்தாந்தம் இதை வேறு வழியில் அணுகுகிறது. சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழும்படி பணிக்கிறது. அதற்கு உரைகண்டவர்கள், இறைவன் எங்கும் நிறைந்திருப்பினும் மற்றெங்கும் பாலில் நெய்போல் மறைந்தும், இவ்விரண்டில் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்கிறான் என்று உவமை காட்டுகிறார்கள். கலைக்கூடம் ஆலயமன்று, எனவே அங்கே இறைவன் பாலில் நெய்யாகத்தான் இருக்கிறான் என்று முடிக்கலாம். ஆனால் உவமையை அதன் வழியிலேயே தொடர்ந்து சென்றால், பாலைத் தயிராக்குவதற்கு உறைமோர் வேண்டும், தயிரிலிருந்து நெய் காண்பதற்குக் கடைய வேண்டும். உறை ஊற்றுவது பிரதிஷ்டை என்றால் கடைவது அன்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உறை ஊற்றப்பட்ட ஒன்று, கடைவார் இல்லாமையால் மீண்டும் பாலாகிவிடுமா? சித்தாந்த நூல்களில் இவ்வினாவுக்கு நேரான விடையை நான் தேடுவதில்லை. அந்நூல்கள் எழுந்த காலத்தில் மூர்த்திக்குக் கோயிலும் உண்டு, பூமியும் உண்டு, மூன்றாவது இடம் ஒன்று இருக்கவில்லை.

எழும்பூரில் இன்னும் சற்றுத் தொலைவு நடந்தால் இக்கேள்வியே முற்றிலும் வேறு முகம் கொள்கிறது. கிருஷ்ணா நதிக்கரையின் அமராவதி மகாஸ்தூபத்திலிருந்து வந்த வெண்ணிறச் சுண்ணக்கற் பலகைகள் அங்கே இருக்கின்றன. 1797-இல் காலின் மெக்கன்சி அவ்விடத்தைக் கண்டதும், 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்த கற்கள் சென்னைக்கு வந்து, பின்னர் அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குச் சென்றதும் வரலாறு. எஞ்சியவற்றுள் தொன்மையான பலகைகளில் புத்தர் உருவமாக இல்லை. ஒரு காலி ஆசனம், அதன் அடியில் இரண்டு பாதச் சுவடுகள், மேலே ஒரு போதி மரம், இருபுறமும் கைகூப்பி நெருங்கி நிற்கும் மக்கள்: இவ்வளவே. வணங்குபவர்களின் முகங்களில் எத்தனை பரவசமோ, வணங்கப்படும் இடத்தில் அத்தனை சூனியம். நிர்வாணம் அடைந்தவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லவும் கூடாது, இல்லை என்று சொல்லவும் கூடாது என்ற அவர்கள் கோட்பாட்டைக் கல்லில் இதைவிடச் சத்தியமாக வடிக்க முடியாது. அங்கே கடவுள் நீங்கிவிட்டாரா என்று கேட்க இடமே இல்லை. நீங்கியவரின் நினைவே வழிபாடு. நினைவுக்கு அருங்காட்சியகம் பகையன்று.

நாகப்பட்டினத்தின் மண்ணிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பௌத்தத் திருமேனிகள் கிடைத்தன. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டதைச் செப்பேடுகள் கூறுகின்றன. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. அந்தத் திருமேனிகளுக்குத் திரும்பிச் செல்ல விகாரமும் இல்லை, வரவேற்கச் சங்கமும் இல்லை. சமண தீர்த்தங்கரரோ வேறொரு நிலை. விருப்பு வெறுப்பற்ற அவர், கோயிலிலேயே கூட, வணங்குபவனுக்கு எதையும் தருவதில்லை. அவரைக் கண்டு அவரைப்போல் ஆக முயல்வதே வணங்குபவன் பெறும் பயன். எனவே ஒரே கூரையின்கீழ், குடியிருக்கும் தெய்வமும், நினைக்கப்படும் ஆசானும், பின்பற்றப்படும் ஜினரும் நிற்கிறார்கள். மூவருக்கும் ஒரே அளவுள்ள பெயர்ப்பலகை, அதில் உலோகம் அல்லது கல், நூற்றாண்டு, ஊர். நடுநிலைமை என்று நாம் இதைக் கருதுகிறோம். உண்மையில், மூன்று சமயங்களும் மறுக்கக்கூடிய ஒரு நான்காவது சித்தாந்தத்தை, அதாவது இவையெல்லாம் கடந்த காலத்தின் கைவேலைகள் என்பதை, அப்பலகை ஓசையின்றிப் போதிக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் பிறந்து, பாஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி இந்த ஆபத்தை உள்ளிருந்தே கண்டவர். கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்கிறோம் என்பதையே தலைப்பாகக் கொண்டு 1943-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதி, எந்தப் பொருளும் ஒரு பயனுக்காகச் செய்யப்பட்டது என்றும், அப்பயனை அறியாமல் அதன் அழகை மட்டும் சுவைப்பது அதை அறிந்ததாகாது என்றும் வற்புறுத்துகிறது. அருங்காட்சியகத்தின் சோற்றை உண்டவரே இதைச் சொன்னார் என்பதால் அவர் சொல்லுக்கு என்னிடத்தில் தனி மதிப்பு.

நீதிமன்றங்கள் கூட இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்பதை 1925-இல் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் உறுதி செய்தது. பின்னர், 1976-இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கள்ளத்தனமாகக் கடல்கடந்த நடராஜர், லண்டனில் கைப்பற்றப்பட்டு வழக்கானபோது, பாழடைந்து பூஜையின்றிக் கிடந்த அவ்வூர்க் கோயிலையே உரிமை கோரும் நபராக அந்நாட்டு நீதிபதிகள் ஏற்றார்கள். 1991-இல் மேல்முறையீடும் முடிந்து பெருமான் தாயகம் திரும்பினார். பூஜை நின்று நூற்றாண்டுகள் ஆனபின்னும் அந்தக் கோயிலின் உரிமை அற்றுப்போகவில்லை என்று, வேற்றுச் சமயத்தைச் சார்ந்த ஒரு நாட்டின் நீதிமன்றம் கண்டதை, பூஜை நின்றால் தெய்வமும் நின்றது என்று எளிதாகச் சொல்லிவிடும் நம்மவர் சிந்திக்கவேண்டும். 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்ரீபுரந்தான் நடராஜரும் மீண்டார். மீண்டவர்களுக்கு நாம் அளித்த வரவேற்பு என்ன என்று கேட்டால் மனம் வருந்துகிறது. சிற்றூர்க் கோயில்களில் திருட்டுக்கு அஞ்சி, ஆயிரக்கணக்கான திருமேனிகள் திருவாரூர் முதலிய ஊர்களின் பாதுகாப்பு மையங்களில், இரும்புக் கதவுகளுக்குப் பின்னால், தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அங்கே பூஜையும் முறையாக இல்லை, காண்பாரும் இல்லை. கலைக்கூடத்தில் எதிரே நின்று பார்க்க ஒரு பள்ளிச் சிறுவனாவது வருகிறான். இரண்டில் எது தெய்வத்துக்கு அதிக அவமதிப்பு என்றால், தயங்காமல் பூட்டிய அறையைத்தான் சொல்வேன்.

ஆயினும் அந்த மையங்களிலிருந்தே ஒரு நல்வழக்கமும் பிறந்திருக்கிறது. தங்கள் ஊர்த் திருவிழா நெருங்கியதும் ஊரார் வண்டியோடும் காவலர்களோடும் வந்து, கணக்கில் கையெழுத்திட்டு, தங்கள் உற்சவரை அழைத்துச் செல்கிறார்கள். அபிஷேகமும் அலங்காரமும் வீதியுலாவும் முடிந்தபின் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். இதில் பிள்ளை லோகாசாரியரின் மரபு எளிய உருவில் உயிரோடு இருப்பதாக நினைக்கிறேன். உரிமையையும் காவலையும் பற்றி அரசாங்கமும் ஊரும் வழக்காடிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, அருங்காட்சியகங்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டால் என்ன? எந்த மூர்த்திக்குக் கோயிலும் ஊரும் இன்றும் உயிரோடு இருக்கின்றனவோ, அந்த மூர்த்தியை ஆண்டுக்கு ஒரு நாள், தக்க காவலோடு, திருவிழாவுக்கு அனுப்பி வைப்பதால் கலைக்கு வந்துவிடும் நஷ்டம் ஒன்றுமில்லை. உலோகம் தேய்ந்துவிடும் என்பார்கள். பழைய திருமேனிகள் பலவற்றில் முகவடிவு மழுங்கியிருப்பதே நூற்றாண்டுகளின் பாலும் தேனும் சந்தனமும் தேய்த்ததால்தான். அத்தேய்வையும் வரலாறென்று நாம் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்? ரசாயன அறிஞர்கள் பாலும் தயிரும் வேண்டாம், தூய நீரும் மலரும் போதும் என்று வரையறுத்தால், ஊரார் அதற்கு உடன்படுவார்கள் என்றே நம்புகிறேன்.

ஊர் அழிந்த மூர்த்திகளுக்கும், நாகப்பட்டினத்துப் புத்தர்களுக்கும் இது பொருந்தாது என்பதை அறிவேன். அவர்களுக்குப் பெயர்ப்பலகையையாவது திருத்தி எழுதலாம்: எந்த மாதத்தில் எந்த விழாவுக்கு எழுந்தருளினார், பீடத்தின் துளைகளில் எந்தக் கழிகள் செருகப்பட்டன, அபய ஹஸ்தம் என்ன சொல்கிறது, விகாரத்தை எழுப்பியவன் எந்தக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தான். செலவு அதிகமில்லை, ஒரு தமிழ்ப் புலவரும், ஓர் ஆகமம் வல்லாரும், பௌத்தம் கற்ற ஒருவரும் சில மாதங்கள் கூடி உட்கார்ந்தால் முடிகிற வேலை.